பதினைந்தாயிரம் எழுத்தில் என் பெயர் இல்லை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் செய்ததை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் விட்டுப்போச்சு என்று யாரும் சொல்லக்கூடாது. பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே ஆடுகூட மேயாத கல்லாங்காட்டை வாங்கினேன். தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த மூன்று பேர் அங்கே தண்ணீர் இல்லை என்றார்கள். நான்காவதாக யாரையும் கேட்காமல் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். கரண்ட் வராது என்றார்கள். பதினொரு கம்பம் நட வைத்தேன். நாற்பது குஞ்சில் ஆரம்பித்து இரண்டு ஷெட், எட்டாயிரம் முட்டைக்கோழி என்று கொண்டுவந்து நிறுத்தினேன். இன்றைக்கு பஸ்காரர்கள் 'கோழிப்பண்ணை ஸ்டாப்' என்று விசில் அடிக்கிறார்களே, எனக்கு முன்னால் அது வெறும் புளியமரம்.

நான் உண்டாக்காதது ஒரு வைரஸ்தான். அதற்கும் என் பண்ணைதான் இடம் கொடுத்தது.

இந்தத் தை மாதம் என் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்க்கும், பச்சையாகக் கழியும், மறுநாள் கூண்டில் விறைத்துக் கிடக்கும். இத்தனைக்கும் பத்து நாள் முன்னால்தான் தண்ணீரில் கலந்து தடுப்பு மருந்து கொடுத்திருந்தேன். பதினைந்து நாளில் ஒரு ஷெட் காலி. வேறு ஆளாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். நான் செத்த கோழி இரண்டைப் பிளாஸ்டிக்கில் மூன்று சுற்றுச் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்து, கோழி ஆராய்ச்சி நிலையத்துக்கு பஸ்ஸில் அனுப்பினேன். கண்டக்டரிடம் பிறந்தநாள் கேக் என்று சொன்னேன். கோழி என்றால் ஏற்றியிருக்க மாட்டார்.

அந்தப் பெட்டியைப் பிரித்தவர்தான் டாக்டர் கோமதி. நாமக்கல் பக்கத்துப் பெண். கோழி வைரசின் உடம்பில் உள்ள மரபணு எழுத்துகளைப் படிப்பதுதான் அவர் உத்தியோகம். சித்திரையில் போன் செய்தார். மாவட்டம் முழுக்கக் கோழிகளின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்க வேண்டும், நாலு நாள் வேலை, கென்யாவிலிருந்து ஒரு டாக்டரும் வருகிறார், பண்ணைகளைத் தெரிந்த ஆள் ஒருவர் கூட வந்தால் நல்லது என்றார். என்னை விட்டால் யாரைக் கூப்பிடுவார்கள். நாலு வேட்டியை எடுத்துப் பையில் வைத்தேன். வீட்டுக்காரி பச்சியம்மாள் கேட்டாள், தினமும் சாயந்திரம் வூட்டுக்குத்தானே வரப்போறீங்க, எதுக்குப் பை என்று. பயணம் என்றால் பை வேண்டும்.

முதல் நாள்

வெளிநாட்டு டாக்டர் என்றதும் என் மனதில் நானே ஒரு வெள்ளைக்காரரை உண்டாக்கி வைத்திருந்தேன். அவருக்காக ரொட்டி, ஜாம், கெட்டிலில் டீ எல்லாம் தயார். காரிலிருந்து இறங்கியவர் ஒரு அம்மா, டாக்டர் அத்தியேனோ. என்னைவிட ஒரு சாண் உயரம், கருங்காலி நிறம், தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல். சால்வையைப் போர்த்த நான் படிக்கட்டில் ஏற வேண்டியதாயிற்று.

அவர் ரொட்டியைப் பார்க்கவே இல்லை. அடுப்படியில் எங்களுக்காகக் கிண்டி வைத்திருந்த கேழ்வரகுக் களியைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்துவிட்டார். களி எப்படித் தின்பது என்று பாடம் நடத்தலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு உருண்டை பிடித்து, கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணி, கீரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அவர்கள் ஊரிலும் இதே பண்டமாம். மக்காச்சோளத்திலும் கிண்டுவார்களாம், கேழ்வரகிலும் கிண்டுவார்களாம். ஒரே ஒரு குறை, மென்று தின்றார். களியை மெல்லக்கூடாது, முழுங்க வேண்டும் என்றேன். கோமதி அதை மொழிபெயர்த்தார். பல் எதற்கு இருக்கிறது என்று அவர் கேட்டதாகத் திரும்பி வந்தது. பச்சியம்மாள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு டாக்டர்களும் கார் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் சேகர் அரூர்க்காரன், பிளஸ் டூ படித்தவன். என்னடா பேசுகிறார்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். "நீங்க மருந்தே போடலையாம். போட்டேன்னு பொய் சொல்றீங்களாம். பாவம், எங்க ஊர் விவசாயிங்களும் இப்படித்தான் சொல்லுவாங்கன்னு அந்தக் கென்யா அம்மா சொல்றாங்க."

எனக்குக் களி நெஞ்சிலேயே நின்றுவிட்டது. நேராகப் போய்க் கோமதியைக் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் மறைக்காமல் சொன்னார்.

தண்ணீரில் கலக்குகிற தடுப்பு மருந்து மருந்தே அல்ல, அதுவும் வைரஸ்தான். சாதுவான வைரஸ். உயிரோடு கோழிக்குள் போய், தொண்டையில் குடியிருந்து, சில நாள் குட்டி போடும். அதைப் பார்த்துப் பழகிய கோழிதான் பின்னால் முரட்டு வைரசை எதிர்க்கும். அதனால், பத்து நாள் முன்னால் மருந்து குடித்த கோழி செத்தால், அதற்குள் சாதுவின் எழுத்தும் முரடனின் எழுத்தும் கலந்து கிடைக்க வேண்டும். மற்றப் பண்ணைக் கோழிகளில் அப்படித்தான் கிடைத்ததாம். என் கோழிகளில் முரடன் மட்டும்தான். பதினைந்தாயிரத்துச் சொச்சம் எழுத்தும் ஒன்று விடாமல், பதர் இல்லாத நெல் மாதிரி சுத்தமாக.

"அப்படின்னா மருந்து உள்ளே போகலைங்கய்யா" என்றார்.

இந்த மாதப்பன் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறான். கஞ்சன் என்று கேட்டிருக்கிறான், வாயாடி என்று கேட்டிருக்கிறான். பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை. இந்த நாலு நாளில் அந்தச் சொல்லை வாபஸ் வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

இரண்டாம் நாள்

இண்டூர் பக்கம் போனோம். வழியில் அத்தியேனோ அம்மா எனக்குச் சாதுவையும் முரடனையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டு வந்தார். கோமதி முன் சீட்டிலிருந்து தமிழில் திருப்பினார். வைரசின் மேலே ஒரு பூட்டு இருக்கிறதாம். பூட்டைத் திறந்தால்தான் அது கோழியின் உடம்புக்குள் நுழைய முடியும். சாது வைரசின் பூட்டுக்குச் சாவி கோழியின் தொண்டையிலும் குடலிலும் மட்டும்தான் உண்டு. அதனால் அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். முரட்டு வைரசின் பூட்டு எந்தச் சாவிக்கும் திறக்கும். மூளை, ஈரல், எங்கே வேண்டுமானாலும் போகும். அந்தப் பூட்டில் இரண்டுக்கும் வித்தியாசம், பதினைந்தாயிரத்தில் ஏழெட்டு எழுத்து, அவ்வளவுதான்.

அதனால்தான் நான் எந்த வீட்டுச் சாவிக்கும் திறக்காத பூட்டாகப் பார்த்து வாங்குகிறேன் என்றேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

இண்டூரில் முருகேசன் பண்ணை. என்னைப் பார்த்துத்தான் பண்ணை வைத்தான், ஷெட்டின் அகலம்கூட என் அகலம். வெள்ளைக் கோட்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு நாங்கள் உள்ளே நுழையும்போதே முருகேசன் ஆரம்பித்தான். "என்னங்கண்ணா, மருந்துக்குப் பதிலா பச்சத்தண்ணிய ஊத்திட்டீங்களாமே. அதுக்கு எதுக்குங்க காசு குடுத்து ஐஸ் வாங்குனீங்க."

காலை ஏழு மணிக்கு எங்கள் காரில் இருந்த பேச்சு, பத்து மணிக்கு இண்டூரில் இருந்தது. சேகரைப் பார்த்தேன். அவன் டயரைப் பார்த்தான். நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தியது ஞாபகத்துக்கு வந்தது. வைரஸ் கோழிக்குக் கோழி பரவ ஒரு நாளாவது ஆகும்.

முருகேசன் மருந்து வைத்திருக்கும் பிரிட்ஜைக் காட்டச் சொன்னேன். மாவுச்சட்டிக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவில் மருந்துக் குப்பி படுத்திருந்தது. என்னுடையது தனிப் பெட்டி, தனி ஐஸ் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். ஆனால் மாதிரி எடுத்தபோது அவன் கோழிகள் கொழுகொழுவென்று நின்றன. இந்த உலகத்தில் நியாயம் என்று ஒன்று இல்லை.

மத்தியானம் ரோட்டோரக் கடையில் சாப்பாடு. பரோட்டாவைப் பார்த்ததும் அத்தியேனோ அம்மா பழைய சிநேகிதரைக் கண்ட மாதிரி ஆகிவிட்டார். அவர்கள் ஊரில் இதையேதான் சப்பாத்தி என்பார்களாம், அது இல்லாத கல்யாணம் இல்லையாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வெளிநாட்டுக்காரருக்கு ஏதாவது ஒன்றாவது புதிதாகக் காட்டலாம் என்று பார்த்தால், எல்லாம் அங்கேயே இருக்கிறது.

மூன்றாம் நாள்

சித்தேரி மலை. மருந்து என்றால் என்னவென்றே தெரியாத கோழிகள் அங்கேதான் இருக்கும், அவற்றின் தொண்டையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். கீழேயே ஐம்பது வருஷமாக இருக்கிறேன், மேலே நான் போனது இரண்டே முறை. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் 'இதோ பாருங்க' என்று கையை நீட்டிக்கொண்டு வந்தேன். என்ன வருகிறதோ அது.

மேலே ஒரு வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு அம்மா. எட்டுப் பெட்டைக்கும் தொண்டையைத் திறந்து காட்டினார். சேவலை மட்டும் தொடவிடவில்லை. அது முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டது, அதன் வாயில் குச்சி விட்டால் எச்சில் ஆகிவிடும் என்றார். கோமதி எவ்வளவோ கெஞ்சினார். அத்தியேனோ அம்மா சேவலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கீழே கிடந்த அதன் எச்சத்தைக் குச்சியில் தொட்டுக் குப்பிக்குள் போட்டுக்கொண்டார். வெள்ளச்சி என் பக்கம் திரும்பி, இந்தம்மா எந்த ஊரு, நல்லா வளத்திருக்காங்க என்றார்.

இறங்கும்போது மூன்றாவது திருப்பத்தில் கார் ஆவி விட்டது. ரேடியேட்டர் காய்ந்துபோயிற்று. போனில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடித்தது. கோமதிக்குக் கவலை காரைப் பற்றி இல்லை. மாதிரிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீர். சூடு ஏறினால் வைரசின் எழுத்துகள் நைந்து போகும், மூன்று நாள் வேலையும் வீண் என்று கண் கலங்கிவிட்டார். அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றலாமே என்று சேகர் கேட்டான். கோமதி பார்த்த பார்வையில் அவன் கார் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அந்த நேரத்தில் நான் இன்னொரு காரியம் கேட்டது சரியில்லைதான். ஆனால் எனக்கும் மனசு ஆறவில்லை. "வண்டி சரியானதும் தீர்த்தமலைக்கு விடுங்க. சாமி முன்னால கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்றேன், மருந்து போட்டேன்னு."

கோமதி பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "சத்தியம் எழுத்துல தெரியாதுங்கய்யா."

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு மொபெட் வந்தது. மலைக்கு மீன் விற்கப் போய்த் திரும்பும் ஆள். பின்னால் பெரிய பெட்டி. பெட்டி என்றால் உள்ளே ஐஸ். இதை யோசித்தது நான்தான், வேறு யாருமில்லை. கையைக் காட்டி நிறுத்தினேன். ஐஸைத் தனியாகத் தர மாட்டேன், மிச்சம் இருக்கிற நாலு கட்லா மீனையும் வாங்கினால் ஐஸ் இலவசம் என்றான். வாங்கினேன். மாதிரிக் குப்பிகளை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, மீன் ஐஸுக்குள் புதைத்தோம். காருக்குச் சேகர் மேலே நடந்துபோய் வெள்ளச்சி வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். தர்மபுரி மாவட்டத்து வைரஸ்கள் மீன் கவிச்சி வாசனையோடு ஆராய்ச்சிக்குப் போயின என்றால் அதற்கு நான் காரணம். ஒன்றுகூட நையவில்லை.

அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு. அத்தியேனோ அம்மா பெரிய ஏரிக்கரையில் பிறந்தவராம். முள்ளைச் சீப்பு மாதிரி முழுசாக உருவித் தட்டோரம் வைத்தார். பச்சியம்மாள் இரண்டாவது தலையையும் அவருக்கே போட்டாள். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தலைதான்.

சாப்பிட்டு எழுந்ததும் சொன்னேன். நாளைக் காலை மீதி ஷெட்டுக்கு மருந்து கொடுக்கிற முறை. ஆறு மணிக்கு வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே கொடுக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை வாபஸ் வாங்குங்கள்.

நான்காம் நாள்

ஆறு மணிக்கு இரண்டு பேரும் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். நான் குளித்து, விபூதி வைத்து, வெள்ளை வேட்டியில் இருந்தேன்.

கோழிகளுக்கு இரண்டு மணி நேரமாகத் தண்ணீர் நிறுத்தியிருந்தேன், தாகத்தில் மருந்துத் தண்ணீரை உடனே குடிக்கட்டும் என்று. கோமதி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். போர் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் கலக்காதது. குறித்துக்கொண்டார். மருந்தைக் காக்கிற பால் பவுடர், அளவு சரி. மருந்துக் குப்பி ஐஸ் பெட்டியில், தேதி சரி. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்ட ஆட்ட எனக்கு மார்பு விரிந்துகொண்டே போனது. அத்தியேனோ அம்மா கலக்குகிற பாத்திரம் எங்கே என்று மட்டும் கேட்டார்.

மூடியிருந்த வெள்ளைத் துணியை உருவினேன். போன வருஷம் என் மணிவிழாவுக்கு மகன்கள் வாங்கிக் கொடுத்த அண்டா. இரண்டு ஆள் தூக்க வேண்டும். சூரியன் அதில் பட்டு ஷெட் ஓட்டில் அடித்தது. கழுத்தைச் சுற்றி என் பெயரும் ஊரும் வெட்டியிருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் இவ்வளவு ஆழமாகப் பேர் வெட்டிய பாத்திரம் வேறு இல்லை. உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

அத்தியேனோ அம்மா பேனாவை மூடினார். இது என்ன உலோகம் என்று கேட்டார்.

"சுத்தச் செம்பு" என்றேன்.

தண்ணீர் எப்போது ஊற்றியது என்று கேட்டார்.

"நேத்து சாயந்திரமே. செம்புல ராத்திரி பூரா நின்ன தண்ணி உடம்புக்கு அவ்வளவு நல்லது. கிருமி எல்லாம் செத்துப்போயிடும். நான் குடிக்கிறதே அதுதான். என் கோழிக்கும் அதையேதான் குடுக்கறேன்."

கோமதி பக்கத்தில் இருந்த தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஐயா, கிருமி செத்துப்போகும்னுதானே செம்புல ஊத்துறீங்க. நீங்க கலக்குற மருந்தும் கிருமிதானுங்களே."

பதில் பச்சியம்மாளிடமிருந்து வந்தது. "நான் அப்பவே சொன்னேன், அந்த நீல பிளாஸ்டிக் ட்ரம்மே போதும்னு. மருந்து நாளுக்கு மின்ன புளி போட்டுத் தேய்ச்சு மினுக்கணும்னு என் கையை வேற ஒடிச்சாரு."

புளி போட்டுத் தேய்த்தால் செம்பு இன்னும் தண்ணீரில் இறங்குமாம். அதுவும் கணக்கில் சேர்ந்தது. நீல ட்ரம்மில் கலந்த காலத்தில் எனக்கு இப்படி ஒரு சாவு வந்ததில்லை. அண்டா வந்த பிறகுதான் வந்தது. அதைக் கோமதி சொல்லவில்லை, நானே சொன்னேன்.

காலி ஷெட்டுக்குள் போய் நின்றேன். கூண்டுகளில் சிலந்தி கட்டியிருந்தது. அத்தனை கோழிக்கும் ஐஸ் வைத்து, நேரம் பார்த்து, விபூதி பூசிக்கொண்டு நான் குடிக்கக் கொடுத்தது செத்த மருந்து. யாரோ பொய்யன் என்று சொன்னதற்கு மூன்று நாளாகத் தூங்காதவன், இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தியேனோ அம்மா உள்ளே வந்தார். பின்னால் கோமதி. அவர் சொன்னதைக் கோமதி ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பினார். "நீங்கள் பொய் சொன்னதாக நான் பேசினேன். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்." பிறகு இன்னொன்றும் சொன்னார். மற்றப் பண்ணைகளில் சாதுவும் முரடனும் கலந்துகிடந்ததால், எந்த எழுத்து யாருடையது என்று பிரிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருக்கிறார்களாம். என் கோழியில் சாது கலக்காததால்தான் முரடனை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்க முடிந்ததாம். படித்ததில்தான் அது மருந்து வைரசின் கிளை இல்லை, வேறு கிளை என்று தெரிந்ததாம். பழைய மருந்து கோழியைச் சாகாமல் காப்பாற்றும், ஆனால் இந்தக் கிளை அந்தக் கோழிக்குள்ளும் குடியிருந்து பக்கத்துக் கோழிக்குப் பரவும், அதனால் இதற்கு நெருங்கிய கிளையில் புது மருந்து செய்து பார்க்க வேண்டும் என்றார். அதற்கு மாதிரியாக வைத்துக்கொள்ளப்போவது என் பண்ணை வைரஸைத்தான்.

அப்படியானால் அண்டா இல்லாவிட்டால் என்று நான் ஆரம்பித்தேன். அண்டா இல்லாவிட்டால் உங்கள் கோழிகள் இருந்திருக்கும் என்று கோமதி முடித்தார்.

அன்று மருந்தை நீல ட்ரம்மில் கலந்து கொடுத்தோம். சில நாளில் மறுபடி மாதிரி எடுத்துப் போனார்கள், ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. என் கோழிகளின் தொண்டையில் சாது வைரஸ் குடியேறிவிட்டதாம். முருகேசனுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். டீக்கடைக்கும் சொல்லச் சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு டாக்டர்களும் எழுதுகிற ஆராய்ச்சிக் கட்டுரையின் நகல் போன வாரம் வந்தது. சேகர் உட்கார்ந்து படித்துச் சொன்னான். வைரசுக்கு வைத்திருக்கிற பெயர்: கோழி, இந்தியா, தர்மபுரி, ஒரு நம்பர், வருஷம். அவ்வளவுதான். உள்ளே ஒரு இடத்தில், 'செம்புப் பாத்திரத்தால் தடுப்பு மருந்து செயலிழந்த ஒரு பண்ணை' என்று இருக்கிறது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் 'ஒரு பண்ணையாளர்' என்று இருக்கிறது.

இரண்டு இடத்திலும் 'ஒரு'. நான் கோமதிக்குப் போன் செய்தேன். நாம் எல்லோரும் குஞ்சுகளுக்குக் கண்ணில் விடுகிறோமே லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, அது எப்படி வந்த பேர் என்று கேட்டேன். வைரஸ் கிடைத்த பண்ணைக்காரரின் பேர் என்று அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பண்ணைக்காரருக்கு ஒரு நியாயம், பாப்பிரெட்டிப்பட்டிப் பண்ணைக்காரனுக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். இப்போதெல்லாம் அப்படிப் பேர் வைப்பதில்லை என்றார். சரி, வைரசுக்கு வேண்டாம், நன்றியிலாவது போடுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் என்னை இதை எழுத வைத்தது. அண்டா விஷயம் கட்டுரையில் வருகிறது, பேரையும் போட்டால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் மறைத்தோம் என்றார்.

டாக்டர்களே, என் மானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். செத்த கோழியை கேக் என்று சொல்லி பஸ் ஏற்றியது நான். மலையில் ஐஸ் பிடித்தது நான். செம்பு அண்டாவில் மருந்தைக் கொன்றதும் நான்தான், அதற்காக ஒரு ஷெட் கோழியைக் கொடுத்ததும் நான்தான். அண்டாவை ஒரு வரி கூட அடிக்காமல் அப்படியே விடுங்கள். படித்துவிட்டு வேறு எவனாவது செம்பில் கலக்காமல் இருக்கட்டும். ஆனால் 'ஒரு பண்ணை', 'ஒரு பண்ணையாளர்' என்பதை அடித்துவிட்டு, கோ. மாதப்பன், பாப்பிரெட்டிப்பட்டி என்று போடுங்கள். இரண்டு இடத்திலும்.